இரு பச்சைகளுக்கு நடுவே

ஆடி மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரத்துக்கோ விளாத்திகுளத்துக்கோ பேருந்தில் சென்றவர்கள் அந்த நிலத்தின் நிறத்தை எளிதில் மறக்க மாட்டார்கள். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை கரிசல். கோடை முழுவதும் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, ஒரு குழந்தையின் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும் மண். புரட்டாசியில் விதை விழுந்து, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால், அதே மண் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் பருத்தியும் மக்காச்சோளமுமாகப் பச்சை விரிக்கும். தை பிறந்து மாசி வருவதற்குள் அந்தப் பச்சை வெளிறி, அறுவடையோடு விடைபெற்றுக்கொள்ளும். ஆற்றுப் பாசன ஊர்களில் வாழ்வோருக்குப் பச்சை என்பது வீட்டு மனிதரைப் போன்றது. கரிசல்காட்டாருக்கோ அது ஆண்டுக்கு ஒருமுறை வந்து சில நாள் தங்கிப் போகும் விருந்தாளி.

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒரு குடும்பம் நமக்கு மிகவும் வேண்டியது. அக்குடும்பத்தார் அண்மையில் தம் வீட்டின் நடுக்கூடத்துக்கு வண்ணம் பூச முடிவு செய்தனர். கரும்பச்சை என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்தக் கரும்பச்சை என்பதில்தான் சிக்கல். மனைவி விரும்பியது சற்றே மஞ்சள் கலந்த பாசிப்பச்சை. கணவன் விரும்பியது சற்றே நீலம் கலந்த பாட்டில் பச்சை. கடையில் கொடுத்த வண்ண அட்டையில் இரண்டும் அருகருகே, ஒரு விரற்கடை இடைவெளியில் இருந்தன. முன்பின் தெரியாத ஒருவர் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்பார். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே அக்குடும்பம் ஏறத்தாழ மூன்று வாரம் நின்றுவிட்டது. இரவுச் சாப்பாட்டில் பேச்சு குறைந்தது. "எனக்கென்ன, உங்கள் விருப்பம்" என்ற சொற்றொடர், எந்த வீட்டிலும் அது எதைக் குறிக்குமோ அதைக் குறிக்கத் தொடங்கியது. இறுதியில் நடுவராக நாம் அழைக்கப்பட்டோம்.

வாசகர்களில் சிலர் இந்நேரம் புன்னகைத்திருக்கலாம். உலகில் போரும் பசியும் இருக்க, இரு பச்சைகளுக்கு நடுவே மூன்று வாரமா என்று கேட்கலாம். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. ஆயினும் அந்த வீட்டுக்குப் போகும் வழியில் வேறொரு கேள்வி நம்மைப் பற்றிக்கொண்டது. இத்தகைய தேர்வு அறநெறிக்கு உட்பட்டதா, புறம்பானதா? நன்மை, தீமை என்ற சொற்களுக்கு இந்தச் சுவரில் வேலை உண்டா? இல்லையெனில், நம் நாள்களின் பெரும்பகுதியை விழுங்கும் சிறு முடிவுகள் அனைத்தும் அறத்துக்கு வெளியே நிற்கின்றனவா?

பழைய வழக்கு ஒன்று

இக்கேள்வி புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதை எடுத்து ஆராய்ந்தார். தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பது, வயல்வெளியில் நடந்து செல்வது போன்ற செயல்கள், அவற்றின் வகையை மட்டும் வைத்துப் பார்த்தால், நன்றும் அல்ல, தீதும் அல்ல என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அடுத்த படியில் ஒரு திருப்பம் வருகிறது. வகை என்ற அளவில் ஒரு செயல் நடுநிலையாக இருக்கலாம். குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட நேரத்தில், சிந்தித்துச் செய்யும் செயல் நடுநிலையாக இருக்க முடியாது. ஏனெனில் சிந்தித்துச் செய்பவர் ஏதோ ஒரு நோக்கத்துக்காகவே செய்கிறார். அந்த நோக்கமும் சூழ்நிலையும் செயலை நன்மையின் பக்கமோ தீமையின் பக்கமோ சாய்த்துவிடும். நினைவின்றித் தாடியைத் தடவுவது போன்ற செயல்களை மட்டுமே அவர் இதற்கு விலக்காக வைக்கிறார்.

அடுத்த தலைமுறையில் வந்த பிரான்சிஸ்கன் துறவி தன்ஸ் ஸ்கோத்துஸ் இதை ஏற்கவில்லை. மனிதன் சிந்தித்துச் செய்யும் ஒவ்வொன்றும் அவனுடைய இறுதி நோக்கத்தோடு இணைக்கப்பட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை; நன்மையும் இல்லாத, தீமையும் இல்லாத தனிச் செயல்களும் உண்டு என்பது அவர் நிலை. அவருடைய கருத்தில் ஓர் இரக்கம் இருப்பதை நாம் மறுப்பதற்கில்லை. எல்லாவற்றையும் அறமாக்கிவிட்டால் மனிதன் மூச்சு விடுவது எங்ஙனம்? இன்று எந்தச் சேலை, எந்தக் குழம்பு என்பதற்கெல்லாம் மனச்சான்றைக் கூப்பிட்டால், அது ஓயாது உறுத்தும் நோயாக மாறிவிடாதா? அறநூல்கள் அந்த நோய்க்கு இலத்தீனில் வைத்த பெயர், கூரிய சிறு கல் என்று பொருள்படும் ஒரு சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் புகுந்த கல்லை நாமும் உறுத்தல் என்றுதானே சொல்கிறோம்.

இந்த இரு பேராசிரியர்களில் யார் பக்கம் நிற்பது என்ற தடுமாற்றத்தோடுதான் நாம் அந்த வீட்டின் படியேறினோம்.

பச்சை என்ற சொல்

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்தார் வீண் ஆடம்பரத்துக்காக அலைபவர்கள் அல்லர். மனைவி பிறந்து வளர்ந்த வீட்டில் சுவர்களுக்குச் சுண்ணாம்பு மட்டுமே உண்டு. அதுவும் திருவிழாவுக்குத் திருவிழா. அடிச்சுவரில், தரையிலிருந்து இடுப்பளவு, பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் பூசுவது போலக் கரும்பச்சை எண்ணெய் வண்ணம் பூசிய வீடுகளைப் பார்த்து அவர் சிறுவயதில் ஏங்கியதுண்டாம். தலையில் வைத்த எண்ணெய் சுவரில் படிந்தாலும் தெரியாது, துடைத்தால் போய்விடும், அதனாலேயே அந்த வண்ணத்தை வைத்தார்கள். அவர் கண்ணுக்கு மட்டும் அது எப்போதும் மழைக்காலமாகத் தெரிந்தது. "மாமா, எங்க ஊர்ல வருசத்துல நாலு மாசந்தான் பச்சை. வீட்டுக்குள்ளயாவது பன்னெண்டு மாசமும் இருக்கட்டுமேன்னு நெனச்சேன்" என்றார். இதைக் கேட்ட பிறகு நமது புன்னகை மறைந்துவிட்டது.

தமிழில் பச்சை என்பது வெறும் நிறத்தின் பெயரன்று. பச்சைக் குழந்தை, பச்சைத் தண்ணீர், பச்சை மண், பச்சை உடம்புக்காரி, பச்சைப் பொய் என்னும் வழக்குகளை எண்ணிப் பாருங்கள். வேகாதது, காயாதது, முதிராதது, கலப்பில்லாதது என்று அத்தனை பொருளும் அச்சொல்லுக்குள் அடக்கம். கரிசல் வட்டாரத்தின் சொற்களுக்கெனத் தனி அகராதியே தொகுத்தவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். அத்தகைய அகராதி தேவைப்படும் அளவுக்குச் சொல்வளம் கொண்ட மக்கள், கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை என்று பிரித்துப் பார்ப்பதில் வியப்பில்லை. சேலைக் கடையில் அமர்ந்து பாருங்கள். நம் பெண்களின் கண் எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும்.

திருவழிபாட்டிலும் பச்சைக்கு ஒரு தனி இடம் உண்டு. பின்னாளில் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் ஆனவர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருப்பலியைப் பற்றி எழுதியபோது, வெள்ளைக்கும் கறுப்புக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறம் பச்சை என்றும், ஆகவே சாதாரண நாள்களுக்கு அது ஏற்றது என்றும் விளக்கினார். இன்றும் ஆண்டின் 33 அல்லது 34 வாரங்கள் நீளும் பொதுக்காலத்தில் குருக்கள் பச்சை உடை அணிகின்றனர். விழாவும் இல்லாத, நோன்பும் இல்லாத நாள்களின் நிறம் அது. வாழ்க்கையின் பெரும்பகுதி அந்நாள்களில்தான் கழிகிறது. சிறிய முடிவுகளும் அந்நாள்களில்தான் எடுக்கப்படுகின்றன.

நாம் வாழும் அறைகளும் வீடுகளும் நம் எண்ணத்தையும் உணர்வையும் செயலையும் பாதிக்கின்றன என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் எடுத்துரைத்தார். வெளிச்சுவர் சிதைந்து கிடக்கும் குடியிருப்புகளிலும், ஏழை மக்கள் வீட்டின் உட்புறத்தை அக்கறையோடு பேணுவதை அவர் பாராட்டினார். எனவே ஒரு சுவரின் நிறத்தை விரும்புவது தன்னளவில் பழிக்கத்தக்கது அன்று. அது ஒரு பசி. பசிக்கு மரியாதை உண்டு.

நிறத்தின் விலை

ஆனால் பசி என்பதனாலேயே எல்லா உணவும் நன்று ஆகிவிடாது. பச்சை நிறத்தின் வரலாறு இதைக் கடுமையாகக் கற்பிக்கிறது.

1775ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலார் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, செம்பையும் ஆர்செனிக்கையும் சேர்த்து அழகிய பச்சை நிறமி ஒன்றை உண்டாக்கினார். 1814இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரில் அதைவிட ஒளிமிக்க மற்றொன்று, அதே செம்பிலிருந்தும் ஆர்செனிக்கிலிருந்தும், உருவானது. ஐரோப்பாவின் வீடுகள் பச்சையாயின. சுவரில் ஒட்டும் தாள், திரைச்சீலை, பெண்களின் உடை, தொப்பியில் சூடும் செயற்கை இலை எல்லாம் அந்த நிறம். 1861 நவம்பரில் இலண்டனில் மட்டில்டா ஷாரர் என்ற 19 வயதுப் பெண் இறந்தாள். செயற்கை இலைகளின்மேல் அந்தப் பச்சைப் பொடியைத் தூவுவது அவளுடைய வேலை. ஈரமான சுவரில் ஒட்டிய இத்தகைய தாளில் பூஞ்சை வளர்ந்தால், ஆர்செனிக் வாயுவாக வெளியேறும் என்று 1890களில் இத்தாலிய மருத்துவர் பார்த்தொலொமேயோ கோசியோ காட்டினார். அதே ஷ்வைன்ஃபர்ட் பச்சை பிற்காலத்தில் பயிர்ப் பூச்சிகளைக் கொல்லும் மருந்தாக விற்கப்பட்டது. கூடத்தில் மனிதர் மூச்சருகே வைத்திருந்ததை வயலில் பூச்சிமேல் தூவினர்.

இது எங்கோ தொலைநாட்டுக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது. கோவில்பட்டியை வாழவைத்த தொழில்களுள் ஒன்று தீப்பெட்டி. அத்தொழிலின் வரலாற்றிலும் இரு நிறங்களுக்கு இடையே ஒரு தேர்வு இருந்தது. வெண்பாஸ்பரஸ், செம்பாஸ்பரஸ் இரண்டும் ஒரே தனிமத்தின் இரு வடிவங்கள். வெண்பாஸ்பரஸ் மலிவானது, எங்கே உரசினாலும் பற்றும் குச்சியைத் தரும். ஆனால் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. செம்பாஸ்பரஸ் அந்தக் கேட்டைத் தராது. 1906இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடை செய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைத் தடுத்தது. சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் தீப்பெட்டித் தொழில் 1920களிலும் அதன் பின்னரும் வேர்விட்டபோது, அந்த ஒரு தீமையாவது முன்கூட்டியே விலக்கப்பட்டிருந்தது. குழந்தை உழைப்பு முதலிய பிற துயரங்கள் பின்னர் வந்தன என்பதை நாம் அறிவோம். ஆயினும் நம் அன்னையரும் அக்காமாரும் குச்சி அடுக்கிய பெட்டியில் எந்த நிற பாஸ்பரஸ் இருக்க வேண்டும் என்று யாரோ எடுத்த முடிவு, அவர்களுடைய முகங்களைக் காப்பாற்றிற்று.

வீட்டு வண்ணங்களுக்கு வருவோம். பழைய மஞ்சள், பச்சை எனாமல் வண்ணங்களில் ஈயக் கலவைகள் இடம்பெற்றன. ஈயம் மஞ்சள் தரும். அதனோடு நீலம் சேர்ந்தால் பச்சை. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்ட விதிகள், 2017 நவம்பர் முதல் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறுத்தன. புதிய வண்ணத்துக்கு இவ்வாறு ஒரு காப்பு இருக்கிறது. பழைய சன்னல்மேல் ஏற்கெனவே இருக்கும் வண்ணத்துக்கு?

நாம் அந்த வீட்டில் நுழைந்தபோது, பெயிண்டர் பழைய பச்சைச் சன்னல்களை உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்கில் துணி இல்லை. காலடியில் பச்சைத் தூசு. பக்கத்தில் அந்த வீட்டின் மூன்று வயதுக் குழந்தை அந்தத் தூசில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தது. புதிய பச்சை எது என்று மூன்று வாரம் விவாதித்த வீட்டில், பழைய பச்சையைப் பற்றி ஒருவரும் ஒரு நிமிடமும் நினைக்கவில்லை.

தேய்ப்பதை நிறுத்தச் சொல்லி, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளுக்கு மாறவும், தூசை ஈரத்துணியால் ஒற்றியெடுக்கவும் கேட்டுக்கொண்டோம். பெயிண்டர் நம்மைச் சற்று ஐயத்தோடு பார்த்தார். "முப்பது வருசமா இப்படித்தான் அண்ணாச்சி தேய்க்கேன்" என்று சொல்லி இருமினார். அந்த இருமலுக்கு என்ன காரணம் என்று நாம் சொல்லத் துணியவில்லை. ஒன்று மட்டும் நமக்கு விளங்கிற்று. துரும்பைத் தரையிலிருந்து எடுப்பது நடுநிலைச் செயல்தான். ஆனால் எந்தத் துரும்பும் வெறும் தரையில் கிடப்பதில்லை. அருகில் யாரோ நிற்கிறார்கள்.

அந்த வீட்டில் யார் யார்?

பிறகு கூடத்தில் அமர்ந்தோம். சுவரில் இரண்டு பச்சைகளும் முழ அளவுச் சதுரங்களாகப் பூசப்பட்டிருந்தன. காலை வெயிலில் பாசிப்பச்சை உயிரோடு இருந்தது. பாட்டில் பச்சை கனத்திருந்தது. சன்னலை மூடிக் குழல்விளக்கைப் போட்டால் நிலைமை மாறியது. ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும் இரு நிறங்கள் வேறொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்பதும், பிரிந்தவை ஒன்றுவதும் நிறவியலார் அறிந்த செய்தி. நிறம் சுவரில் மட்டும் இல்லை. வெளிச்சத்திலும் பார்க்கும் கண்ணிலும் இருக்கிறது. ஆகவே கணவன் இரவில் வேலையிலிருந்து வந்து பார்த்ததும், மனைவி பகலில் பார்த்ததும் வெவ்வேறு சுவர்கள். மூன்று வாரமாக அவர்கள் ஒரே பொருளைப் பற்றிப் பேசவே இல்லை.

நமக்கு அப்போது புனித இஞ்ஞாசியாரின் நினைவு வந்தது. 1548இல் அச்சான தம் ஆன்மிகப் பயிற்சிகளில், தேர்வு செய்ய வேண்டியவருக்கு அவர் சில வழிகளைக் காட்டுகிறார். முதலில் மனம் ஒரு பக்கமும் சாயாத தராசு முள்ளைப் போல் நிற்க வேண்டும். பிறகு, முன்பின் பார்த்திராத ஒருவர் இதே கேள்வியோடு வந்து நின்றால் அவருக்கு நாம் என்ன அறிவுரை சொல்வோம் என்று எண்ணி, அந்த அறிவுரையைத் தாமே பின்பற்ற வேண்டும். இஞ்ஞாசியார் இதைச் சுவர் வண்ணத்துக்காகச் சொல்லவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆயினும் பெரிய ஏணி சிறிய பரணுக்கும் எட்டும் அன்றோ! அந்த மருமகளிடம் கேட்டோம்: "உனக்குத் தெரியாத ஒரு வீட்டார் இந்த இரண்டு அட்டையோடு வந்து கேட்டால் என்னம்மா சொல்வாய்?"

அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு, "அந்த வீட்ல யாரெல்லாம் இருக்காங்க மாமா?" என்று கேட்டார்.

கேட்டவுடனே அவரே நிமிர்ந்து கூடத்தின் மூலையைப் பார்த்தார். அங்கே கட்டிலில் அவருடைய மாமியார் அமர்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். தம் பிள்ளைகளைப் படிக்கவைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கியவர். இரவில் வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் பெட்டி ஒட்டியவர். இப்போது நாளின் பெரும்பகுதி அவருக்கு அந்தக் கட்டில்தான். கணவன் அந்தக் கூடத்தில் இருப்பது இரவில் இரண்டு மணி நேரம். மனைவி வந்து போவது அடுக்களை வேலைக்கு நடுவே. நாள் முழுவதும் அந்தச் சுவர்களோடு வாழ்பவர் அவர் ஒருவரே. அவரிடம் மூன்று வாரத்தில் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மருமகள் எழுந்து போய் அருகில் அமர்ந்தார். "அத்தை, இந்த ரெண்டு பச்சையில எது உங்களுக்குப் பிடிச்சிருக்கு?"

முதியவர் கண்ணைச் சுருக்கிச் சுவரைப் பார்த்தார். "ரெண்டும் கறுப்பாத்தானம்மா தெரியுது" என்றார். பிறகு, குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லாமல், "கரிசலைத்தான் வெளியில ஆயுசு பூராம் பாத்தாச்சே. வீட்டுக்குள்ளயும் அதையே அப்பணுமா?" என்றார்.

வயது ஏற ஏறக் கண்ணின் ஆடி மஞ்சளாகிக் கலங்கும். உள்ளே செல்லும் ஒளி குறையும். நீலச்சாயல் முதலில் மங்கும். அடர்ந்த நிறங்கள் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். மருத்துவர்கள் அறிந்த செய்தி இது. மகனும் மருமகளும் எந்த வேறுபாட்டுக்காக மனம் கசந்தார்களோ, அந்த வேறுபாடு அத்தாயின் கண்ணில் இல்லவே இல்லை. மகன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். "ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று கேட்டார். "நீங்க ஆசைப்பட்டுச் செய்றீங்க. நான் எதுக்குய்யா குறுக்க நிக்கணும்?" என்றார் தாய்.

தீர்ந்த விதம்

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய்க்குப் பிடிக்கவில்லை, ஆகவே மருமகளின் பச்சை முழுவதும் கைவிடப்பட வேண்டும் என்று உடனே தீர்ப்புச் சொல்வது எளிது. அது நியாயம் போலவும் தோன்றும். ஆனால் பன்னிரண்டு மாதப் பச்சைக்கு ஏங்கிய மனமும் மனமே. ஒருவரைக் கேட்காதிருந்த தவற்றை, மற்றவரை வாய்மூடச் செய்து திருத்த முடியாது. எனவே பேச்சு மீண்டும் தொடங்கிற்று. இம்முறை நால்வரும் பேசினோம். பெயிண்டரும் ஒரு வார்த்தை சொன்னார், அதுவே பயன்பட்டது. அடர்ந்த நிறத்துக்குச் செலவும் கூடுதல், பூச்சும் கூடுதல். கரிசலில் கட்டிய வீட்டில் விரிசல் வந்தால் கரும் சுவரில் வெள்ளைக் கோடாகத் தெரியும் என்றார். கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதன்மேல் நிற்கும் சுவரும் அதனோடு அசையும் என்பது இங்கு வீடு கட்டிய எவருக்கும் தெரிந்ததே.

முடிவு இதுவாயிற்று. கட்டிலிலிருந்து பார்க்கும் மூன்று சுவர்களுக்கும் சந்தன வெள்ளை. வாசல் நிலையைச் சுற்றி மட்டும் கரும்பச்சைக் கரை. வெளிர்ச் சுவரில் கறுத்த சட்டம் போல் வாசல் தெளிவாகத் தெரிவதால், முதியவர் தடுமாறாமல் வெளியே போய்வரலாம். உள்ளே வருபவர் யார் என்றும் முகம் பார்க்கலாம். கட்டிலின் தலைப்பக்கச் சுவர் முழுவதும் கரும்பச்சை. அது மருமகளின் சுவர். அடுக்களையிலிருந்து வரும்போது நேர் எதிரே அவர் கண்ணில் படும்.

இனி எஞ்சியது பழைய கேள்விதான். எந்தப் பச்சை? வியப்பு என்னவெனில், அந்தக் கேள்வியின் பாரம் முழுவதும் இறங்கிவிட்டிருந்தது. குழந்தையின் மூச்சு, பெயிண்டரின் நெஞ்சு, தாயின் கண், மருமகளின் ஆசை, மகனின் பணம் எல்லாம் கணக்கில் வந்த பிறகு, இரண்டு பச்சைகளும் உண்மையிலேயே சமமாகிவிட்டன. ஒரே அளவு வைக்கோல் இருபுறமும் இருக்க, தேர முடியாமல் பட்டினி கிடந்து இறந்த கழுதையின் கதை நாம் அறிந்ததே. பதினான்காம் நூற்றாண்டுப் பாரிஸ் பேராசிரியர் பூரிதானின் பெயரோடு அது வழங்குகிறது, அவருடைய நூல்களில் அது காணப்படாவிட்டாலும். மனிதனுக்கு அந்தக் கதி வேண்டியதில்லை. யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தேர வேண்டியிருந்தபோது, திருத்தூதர்கள் தகுதியுள்ள இருவரை முன்னிறுத்தினார்கள், மன்றாடினார்கள், பிறகு சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. சீட்டு முதலில் வரவில்லை, கடைசியில் வந்தது. ஆராய வேண்டியதை ஆராய்ந்து முடித்த பிறகு வரும் சீட்டு சோம்பல் அன்று; அது ஒரு பணிவு.

இரண்டு தாள்துண்டுகளை மடித்துப் போட்டார்கள். மூன்று வயதுக் குழந்தை ஒன்றை எடுத்து நேரே ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. அவரால் படிக்க முடியவில்லை. மருமகள் வாங்கிப் படித்தார். பாட்டில் பச்சை. அவர் விரும்பியது அன்று. ஒரு கணம் முகம் மாறிற்று, பிறகு சிரித்துவிட்டார். "சரி, அத்தை கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.

வீடு திரும்பும் வழியில், நாம் தொடங்கிய கேள்விக்கு வந்தோம். தோமாவா, ஸ்கோத்துசா? இருவருக்கும் இந்தக் கூடத்தில் இடம் உண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது. நடுநிலையான தேர்வு என்று ஒன்று இருக்கலாம். ஸ்கோத்துஸ் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அது நடுநிலையானது என்பதை நாம் தொடக்கத்திலேயே அறிந்துவிட முடியாது. யார் மூச்சில் தூசு விழுகிறது, யார் நாள் முழுவதும் அந்த அறையில் இருக்கிறார், யார் வாய் திறக்காமல் இருக்கிறார் என்று பார்த்த பிறகே, "இனி எதுவானாலும் சரி" என்று சொல்லும் உரிமை நமக்கு வருகிறது. அந்தப் பார்வைதான் தோமா வலியுறுத்திய சிந்தனை. மூன்று வாரம் அதிகம் என்று நாம் நினைத்தது தவறு. அந்த மூன்று வாரமும் தவறான கேள்வியில் கழிந்தது என்பதே குறை. சரியான கேள்விக்கு ஒரு பிற்பகல் போதுமானதாயிற்று.

கார்த்திகை மழைக்குப் பிறகு அவ்வீட்டுக்குச் சென்றிருந்தோம். பச்சைச் சுவரில், பெயிண்டர் சொன்னபடியே, மேல்மூலையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு இறங்கியிருந்தது. உடனே பட்டி வைத்து அடைக்க வேண்டும் என்று மகன் துடித்தார். "தை கழியட்டும்யா. மண்ணு அடங்குன பெறகு அடைச்சுக்கிடலாம்" என்றார் தாய். இம்முறை அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தார்கள். நம் வீடுகளில் அடுத்த முறை ஏதேனும் ஒன்றைத் தேர வேண்டி வரும்போது, அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமா?